அக்கியும் அதனை ஒத்த நோய்களும்: இனங்காணலின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

மருத்துவத்தின் வரலாறு எழுதப்படும்போது, மருந்து கண்டவர்களுக்குக் கிடைக்கும் இடம் நோய்களைப் பிரித்தறிந்தவர்களுக்குக் கிடைப்பதில்லை. பெரியம்மைக்குத் தடுப்பு முறை கண்ட எட்வேட் ஜென்னரின் பெயரைப் பாடசாலை மாணவரும் அறிவர். பெரியம்மை வேறு, கொப்பளிப்பான் வேறு என்று தெளிவுற நிறுவிய வில்லியம் ஹெபடனின் பெயரை மருத்துவ மாணவருள்ளும் சிலரே அறிவர். ஆயின், ஒரு நோயை அதனையொத்த மற்றொன்றிலிருந்து பிரித்துக் காணாதவிடத்து எந்த மருந்தும் தன் பயனைத் தருவதில்லை; சில வேளைகளில் மருந்தே நஞ்சாகவும் முடிகின்றது. இவ்வுண்மையை விளக்குதற்கு ஹேர்ப்பிசு என மேனாட்டு மருத்துவர் வழங்கும் கொப்புள நோய்களின் வரலாற்றினும் பொருத்தமான எடுத்துக்காட்டுக் கிடைத்தல் அரிது. ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேலாக அந்த ஒரே பெயரின்கீழ்ப் படர்தாமரையும், அரிபுண்களும், இடுப்பைச் சுற்றும் அக்கியும், காய்ச்சலின்போது உதட்டில் எழும் கொப்புளங்களும் ஒன்றாகக் கிடந்தன. அவை ஒன்றிலிருந்து ஒன்று பிரிக்கப்பட்டது எவ்வாறு, பிரிக்கப்படாதிருந்த காலத்தில் நோயாளர் கொடுத்த விலை யாது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. ஊர்வதும் எரிவதும்

ஹேர்ப்பிசு என்பது 'ஊர்தல்' என்னும் பொருளுடைய கிரேக்க வினையடியாகப் பிறந்த சொல். இலத்தீன் மொழியிற் பாம்பைக் குறிக்கும் சொல்லும், வடமொழியிலுள்ள 'சர்ப்பம்' என்னுஞ் சொல்லும் இதே வேரிலிருந்து கிளைத்தவை என்பது மொழியியலார் கண்ட முடிபு. இப்போகிரட்டிசின் பெயரால் வழங்கும் கிரேக்க மருத்துவ நூற்றொகுதியில் இச்சொல் தோலின்மேல் ஊர்ந்து பரவும் புண்களைப் பொதுவாகக் குறிக்கின்றது. வடமொழி மருத்துவ நூலாகிய சரகசங்கிதையில் 'விசர்ப்பம்' என்றொரு நோய்க்குத் தனி அதிகாரம் வகுக்கப்பட்டுள்ளது. அப்பெயரும் எங்கும் ஊர்ந்து பரவுவது என்னும் பொருளதே. கிரேக்க மருத்துவரும் இந்திய மருத்துவரும் ஒரே வகைக் காட்சியைக் கண்டு, ஒரே வேரிலிருந்து பெயரிட்டனர் என்பது ஈண்டு நோக்கற்பாலது.

ஊர்தலைப் போலவே எரிதலும் பெயராயிற்று. உரோமர் எரிச்சலோடு பரவும் தோல் நோய்கள் பலவற்றைப் 'புனித நெருப்பு' என்றனர். அவர்கள் நெருப்புக்கு வழங்கிய 'இக்னிசு' என்னுஞ் சொல்லும் வடமொழி 'அக்கினி'யும் உடன்பிறப்புக்கள். தமிழில் வழங்கும் 'அக்கி' என்னும் நோய்ப் பெயரும் அக்கினி என்பதன் திரிபாகவே கருதப்படுகின்றது. கி.பி. 79 இல் இறந்த பிளினி, புனித நெருப்பின் வகைகளைக் கூறுமிடத்து, மனிதனின் நடுவுடலைச் சுற்றிவரும் ஒரு வகையைச் 'சொஸ்ரர்' எனச் சுட்டுகிறார். சொஸ்ரர் என்பது கிரேக்கத்தில் இடைக்கச்சையைக் குறிக்கும். அக்கச்சையின் இரு முனைகளும் ஒன்றுசேர்ந்து விட்டால் நோயாளி இறப்பான் என்பது அவர் தரும் செய்தி. இந்நம்பிக்கை பல நாடுகளில் அண்மைக்காலம் வரை நிலவிவந்தது. அம்முனைகள் ஏன் பெரும்பாலும் ஒன்றுசேர்வதேயில்லை என்னும் வினாவுக்கு விடை காண, பின்னர்க் கூறப்படுமாறு, பதினெட்டு நூற்றாண்டுகள் வேண்டியிருந்தன.

இரண்டாம் நூற்றாண்டிற் புகழ்பெற்ற கலன், ஹேர்ப்பிசு மஞ்சட் பித்தத்தின் மிகுதியால் வருவது என்று கருதினார். தினையரிசி போன்ற கொப்புளங்களையுடைய வகை என்றும், தசையை அரித்துண்ணும் வகை என்றும் அவர் வேறுபடுத்தினார். தினைக் கொப்புள வகையில் இன்றைய ஹேர்ப்பிசின் சாயலைக் காணலாம். அரித்துண்ணும் வகை இன்றைய ஹேர்ப்பிசோடு தொடர்பற்றது. ஆயினும் கலனின் அதிகாரம் காரணமாக இரண்டும் ஒரே பெயரோடு இடைக்காலம் முழுவதும் கையளிக்கப்பட்டன.

இப்பெயர்களின் குறைபாடு வெளிப்படையானது. ஊர்தல் என்பது ஓர் அசைவு. எரிதல் என்பது ஓர் உணர்வு. படர்தாமரையும் ஊர்கின்றது, பற்றீரியாவினால் வரும் தோலழற்சியும் எரிகின்றது. அசைவையும் உணர்வையும் அடிப்படையாகக் கொண்ட பெயர், ஒத்த தோற்றமுடைய எல்லாவற்றையும் தன்னுட் சேர்த்துக்கொள்ளும், எதனையும் விலக்காது.

2. கண்ணின் ஒழுங்கு

இந்நிலை பதினெட்டாம் நூற்றாண்டுவரை பெரிதும் மாறவில்லை. மாற்றத்துக்குத் தூண்டுதலாயமைந்தவற்றுள் ஒன்று பெரியம்மை பற்றிய அச்சம். ஜென்னருக்கு முற்பட்ட காலத்தில், பெரியம்மைப் பாலையே நலமுடையோர் தோலிற் கீறி ஏற்றும் வழக்கம் இங்கிலாந்திற் பரவியிருந்தது. ஒரு பிள்ளைக்கு முன்னரே பெரியம்மை வந்துவிட்டது என்று பெற்றோர் நம்பினால், அப்பிள்ளைக்குப் பால் ஏற்றமாட்டார்கள். நோயாளரிடமிருந்து விலக்கிவைக்கவும் மாட்டார்கள். உண்மையில் வந்தது கொப்பளிப்பானாயின், அப்பிள்ளை காப்பற்ற நிலையிற் பெரியம்மையை எதிர்கொள்ளும். 1767 இல் இலண்டன் மருத்துவர் கல்லூரியின்முன் ஹெபடன் படித்த கட்டுரை இந்த ஆபத்தையே முதன்மையாகச் சுட்டியது. போலிப் பாதுகாப்புணர்வு உயிருக்கு உலை வைக்கும் என்பதே அவரது எச்சரிக்கையின் சாரம்.

அவ்விரு நோய்களையும் பிரித்தறியும் குறிகள் பிற்காலத்தில் மேலும் செப்பமுற்றன. பெரியம்மையிற் கடுங்காய்ச்சல் இரண்டு மூன்று நாள் முந்தி வரும். கொப்புளங்கள் முகத்திலும் கைகால்களிலும் செறிந்திருக்கும். ஓரிடத்துள்ளவை யாவும் ஒரே பருவத்தினவாய், தோலில் ஆழப் பதிந்து, தொட்டால் உறுதியாயிருக்கும். கொப்பளிப்பானில் கொப்புளங்கள் மார்பிலும் முதுகிலும் மிகும். அவை தோலின்மேல் வைத்த பனித்துளிபோல மெல்லியவை. அணியணியாகத் தோன்றுவதால், தடிப்பும் நீர்க்கொப்புளமும் காய்ந்த பொருக்கும் ஓரிடத்தில் ஒருங்கே காணப்படும். தோற்றத்தை மட்டுமன்றி, பரம்பலையும் காலவரிசையையும் நோக்கவேண்டும் என்னும் படிப்பினை இங்குக் கிடைக்கின்றது.

தோல் நோய்கள் அனைத்துக்கும் ஓர் ஒழுங்கை வகுக்க முயன்றவர் றொபேட் வில்லன். இலண்டனில் ஏழைகளுக்கு மருந்து வழங்கும் நிலையமொன்றிற் பணியாற்றிய அவர், தாவரங்களை இலினேயசு வகைப்படுத்தியதுபோலத் தோல் நோய்களைக் கண்ணுக்குப் புலனாகும் அடிப்படை உருவங்களைக் கொண்டு வகுத்தார். தடிப்பு, செதில், செம்படை, பெருங்கொப்புளம், சீழ்க்கொப்புளம், நீர்க்கொப்புளம், கழலை, மறு என எட்டுப் பிரிவுகள் அவரது முறையில் அமைந்தன. நிறப்படங்களோடு கூடிய அவரது நூல் 1798 முதற் பகுதி பகுதியாக வெளிவந்து, முற்றுப்பெறாமலே நின்றது. 1812 இல் அவர் இறந்தபின், அவரது மாணவராகிய தோமஸ் பேற்மன் 1813 இல் அம்முறை முழுவதையும் சுருக்கி நூலாக்கினார்.

வில்லனும் பேற்மனும் ஹேர்ப்பிசு என்னும் பெயரைப் பழைய பரப்பிலிருந்து வெட்டிச் சுருக்கினர். சிவந்த அடித்தளத்தின்மேல் கொத்துக் கொத்தாக எழுந்து, ஒழுங்கான காலக்கிரமத்தில் முதிர்ந்து, இரண்டு கிழமையளவில் ஆறிவிடும் நீர்க்கொப்புளங்களுக்கு மட்டுமே அப்பெயர் உரியதாயிற்று. கொத்தாக எழுதல் என்னும் அக்குறி இன்றும் மருத்துவ மாணவருக்கு முதலிற் கற்பிக்கப்படும் குறியாகும். அரிபுண்கள் விலக்கப்பட்டன. எனினும் பேற்மன் கூறிய ஆறு வகைகளுள் உதட்டு வகை, ஆண்குறித்தோல் வகை, கச்சை வகை என்பவற்றோடு, வளைய வகையும் வானவில் வகையும் இடம்பெற்றிருந்தன. கண் தன்னால் இயன்றதைச் செய்தது. ஆயினும், உருவத்தால் ஒத்தன காரணத்தாலும் ஒத்தனவோ என்னும் வினா கண்ணின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

3. பெயரிலிருந்து உதிர்ந்தவை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நுணுக்குக்காட்டி அவ்வினாவுக்கு விடை தரத் தொடங்கியது. 1840 களிற் பாரிசில் வாழ்ந்த டேவிட் குறூபி, தலைப்படர்தாமரை உடையோரின் மயிரிற் பங்கசு வளர்வதைக் கண்டார். ஐரோப்பிய மருத்துவருட் பலர் அந்நோயையும் ஹேர்ப்பிசு என்றே அழைத்துவந்தனர். உயிருள்ள பங்கசு ஒன்றே காரணம் எனத் தெரிந்தபின் அப்பெயர் பொருந்தாதாயிற்று; எனினும் பழக்கத்தின் வலிமையால் அந்நூற்றாண்டின் இறுதிவரை அது வழக்கில் நீடித்தது. வானவில் வகை, வியன்னாவின் பெர்டினண்ட் ஹெபிறா வரையறுத்த பல்லுருச் செம்படை நோயைச் சார்ந்ததாகப் பிற்பாடு கொள்ளப்பட்டது. 1884 இல் அமெரிக்கராகிய லூயி டூறிங், கொத்துக் கொத்தான கொப்புளங்களோடு தாங்கொணா அரிப்பை உண்டாக்கும் நாட்பட்ட நோய் ஒன்றை விவரித்து, அதற்கு 'ஹேர்ப்பிசு போன்ற தோலழற்சி' எனப் பெயரிட்டார். அந்நோய் கோதுமை முதலிய தானியங்களிலுள்ள குளூட்டன் என்னும் புரதத்தோடு தொடர்புடையது என்பது இருபதாம் நூற்றாண்டிலேயே தெளிவாயிற்று. ஹேர்ப்பிசுக்குரிய மருந்து அந்நோயாளிக்குப் பயன்படாது. உணவில் மாற்றமே பயன்படும். பெயரில் ஹேர்ப்பிசு இருப்பதால் ஒரு நோய் ஹேர்ப்பிசு ஆகிவிடுவதில்லை என்பதற்கு இஃது இன்றுவரை நின்று நிலவும் சான்றாகும்.

4. கச்சையின் இரகசியம்

கச்சை வகையாகிய அக்கியின் மருமம் பிரேத பரிசோதனை மேசையிலே துலங்கியது. 1860 களின் தொடக்கத்திற் பேர்லினைச் சேர்ந்த பெலிக்சு பொன் பேரன்சுபுறுங், அக்கியோடு இறந்த ஒருவரின் உடலை ஆராய்ந்து, முண்ணாணின் அருகேயுள்ள நரம்புத்திரட்டுக்களிலும் அவற்றினின்று புறப்படும் நரம்புகளிலும் அழற்சியைக் கண்டார். தோலில் எழும் கொப்புளத்தின் மூலம் தோலில் இல்லை, நரம்பில் உள்ளது என்னும் முடிபு மருத்துவ சிந்தனையில் ஒரு திருப்பமாகும். 1900 இல் ஹென்றி ஹெட், காம்பெல் என்னும் இருவரும் 21 உடல்களை ஆராய்ந்து வெளியிட்ட கட்டுரை அம்முடிபை உறுதிப்படுத்தியதோடு, ஒவ்வொரு நரம்புத்திரட்டும் தோலின் எப்பட்டையை ஆள்கின்றது என்பதைக் காட்டும் படத்தையும் தந்தது.

பிளினியின் கச்சைக்கு விடை இங்குக் கிடைக்கின்றது. உடலின் ஒவ்வொரு பாதிக்கும் தனித்தனி நரம்புத்திரட்டுக்கள் உண்டு. அக்கி வழக்கமாக ஒரு பக்கத்துத் திரட்டையே தாக்குவதால், அதன் கொப்புளப்பட்டை முதுகின் நடுவே தொடங்கி நெஞ்சின் அல்லது வயிற்றின் நடுக்கோட்டில் நின்றுவிடும். எனவே கச்சை பூர்த்தியாவது மிக அரிது. பூர்த்தியானால் மரணம் என்னும் நம்பிக்கை பொய்ப்பிக்கப்படாமல் நெடுங்காலம் வாழ்ந்ததற்கு அந்த அருமையே காரணம் எனலாம்.

இந்த உடற்கூற்று விளக்கம் நோயறிதலுக்கு மூன்று வழிகளில் உதவிற்று. முதலாவது, ஒரு பக்கத்தில், ஒரு பட்டையில், நடுக்கோட்டைக் கடவாது நிற்கும் கொப்புளங்கள் அக்கியைக் காட்டும். இரண்டாவது, கொப்புளத்துக்குச் சில நாள் முன்னரே அப்பட்டையில் எரிவும் குத்துவலியும் தோன்றும். அந்நாள்களில் நெஞ்சுவலி இருதய நோயாகவும், விலாவலி நுரையீரலுறையின் அழற்சியாகவும், வயிற்றுவலி குடல்வால் அழற்சியாகவும் பிழைபடக் கொள்ளப்படுதல் இன்றும் நிகழ்கின்றது. மூன்றாவது, இலண்டன் மருத்துவர் ஜொனதன் ஹச்சின்சன் 1860 களிற் சுட்டிய குறி: முகத்து அக்கியின்போது மூக்கின் நுனியிலோ பக்கத்திலோ கொப்புளம் எழுமாயின் கண்ணும் தாக்கப்படக்கூடும். அவ்விடத்துக்கும் விழிக்கும் ஒரே நரம்பின் கிளைகள் செல்வதே அதன் காரணம். மூக்கிலுள்ள ஒரு சிறு கொப்புளத்தை உரிய பொருளோடு கண்டவர் ஒருவரின் பார்வையைக் காப்பாற்றலாம்.

5. சிபிலிசின் நிழலில்

உடலின் மறைவிடங்களில் எழும் ஹேர்ப்பிசின் வரலாறு இதனினும் துயரமானது. 1736 இல் பிரெஞ்சு மருத்துவர் ஜீன் ஆஸ்த்றுக் பாலியல் நோய்கள் பற்றி எழுதிய இலத்தீன் நூலில் இக்கொப்புளங்கள் இடம்பெறுகின்றன. அவை சிபிலிசின் புண்களோடு ஒரே நூலில், ஒரே ஐயத்தின்கீழ் வைத்து நோக்கப்பட்டன. சிபிலிசுக்கு அக்காலத்து மருந்து இரசம். வாயூறலும் பல் உதிர்தலும் நரம்புக் கேடும் அதன் விளைவுகள். தானாகவே ஆறிவிடும் சில கொப்புளங்களுக்காக ஒருவன் மாதக்கணக்கில் இரசம் உண்ண நேர்வது நோயினும் கொடிய தண்டனையன்றோ!

பேற்மன் தம் நூலில் ஆண்குறித்தோல் வகையைத் தனியே எடுத்துக் கூறியதற்குக் காரணம் இதுவே. அது தோன்றும் இடத்தை நோக்கி, அதனைச் சிபிலிசின் முதற்புண் என்று மருத்துவர் மயங்கக்கூடும் என அவர் எச்சரித்தார். இரண்டுக்குமிடையிலான வேறுபாடு கற்றறியத்தக்கதே. சிபிலிசின் முதற்புண் பெரும்பாலும் ஒன்றேயாய், வலியற்றதாய், அடியும் விளிம்பும் தடித்துக் கடினமாயிருக்கும். ஹேர்ப்பிசு முதலிற் குறுகுறுப்பும் எரிவும் காட்டிப் பின் சிறு கொப்புளக் கொத்தாகி, உடைந்து, ஆழமற்ற பல சிறு புண்களாகி, நோவு தந்து, ஆறும். சில கிழமைகளோ மாதங்களோ கழித்து அதேயிடத்தில் மீண்டும் வரும். 1889 இல் இத்தாலியராகிய டுக்றே கண்ட பற்றீரியாவால் வரும் மென்புண்ணோ ஆழமாய், கிழிந்த விளிம்போடு, மிக்க வலி தருவதாய், தொடையிடுக்கிற் சீழ்க்கட்டியோடு கூடி வரும்.

ஆயினும் ஈரமான இடங்களிற் கொப்புளம் விரைவில் உடைந்துவிடுவதால், மருத்துவர் காண்பது பெரும்பாலும் கொப்புளத்தையன்று, அதன் எச்சத்தையே. ஒரே உடலில் இரு நோயும் ஒருங்கே இருத்தலும் உண்டு. எனவே கண் இங்கு உறுதி கூற இயலாது. 1905 இல் பேர்லினிற் சௌடின், ஹொவ்மன் இருவரும் சிபிலிசின் திருகுருக் கிருமியைக் கண்டதும், 1906 இல் வாசர்மன் குருதிச் சோதனையை வகுத்ததும் இவ்விடரைப் பெருமளவு தீர்த்தன. அதே 1905 இல் கொழும்பிற் பணியாற்றிய அல்டோ கஸ்தெல்லானி, பறங்கி நோயின் புண்களில் அக்கிருமியை ஒத்த மற்றொன்றைக் கண்டார். பறங்கி சிபிலிசோடு நெருங்கிய உறவுடையதாயினும் பாலுறவால் அன்றிப் பெரும்பாலும் சிறாரிடையே சாதாரண தொடுகையாற் பரவுவது. ஒத்த புண்களைப் பிரித்தறிதல் எத்துணை அரிது என்பதோடு, நோயின் பெயரோடு ஒட்டிக்கொள்ளும் ஒழுக்கப் பழி எவ்வளவு எளிதாகத் தவறானவர்மேல் விழக்கூடும் என்பதையும் இந்நாட்டு வைத்திய வரலாறே நமக்குக் காட்டுகின்றது.

6. ஒரு வைரசு இரு நோயாதலும், இரு வைரசு ஓருருவாதலும்

இதுகாறும் கண்டது, ஒன்றெனத் தோன்றியவை பலவாகப் பிரிந்த கதை. இருபதாம் நூற்றாண்டு இதற்கு எதிரான வியப்பையும் தந்தது: இரண்டெனத் தோன்றியவை ஒன்றாயின. புடாபெஸ்ட் நகரத்துக் குழந்தை மருத்துவர் யானொசு பொக்காய், அக்கி கண்ட முதியவர் உள்ள வீடுகளிற் பிள்ளைகளுக்குக் கொப்பளிப்பான் வருவதை 1888 முதல் அவதானித்து, 1909 இல் விரிவாக எழுதினார். 1920 களில் வியன்னாவிற் குண்டிறாற்றிற்சு அக்கிக் கொப்புள நீரைக் குழந்தைகளின் தோலில் ஏற்றிக் கொப்பளிப்பானை உண்டாக்கினார். இன்றைய ஆய்வு அறநெறி ஒருபோதும் அனுமதியாத சோதனை அது. 1950 களில் அமெரிக்கராகிய தோமஸ் வெல்லர் இரு நோய்களின் கொப்புளங்களிலிருந்தும் வைரசைக் கலவளர்ப்பிற் பிரித்தெடுத்து, இரண்டும் ஒன்றே என நிறுவினார்.

ஒரே வைரசு இரு வேறு உருக்கொள்வது எங்ஙனம் என்பதை விளக்கியவருள் முதன்மையானவர் இங்கிலாந்தின் சைரன்செஸ்ரர் என்னும் சிற்றூர்க் குடும்ப வைத்தியர் ஹோப்-சிம்சன் ஆவார். தம்மிடம் வந்த நோயாளருள் 16 ஆண்டுகளிற் கண்ட 192 அக்கி நோயாளரை ஆராய்ந்து, 1965 இல் அவர் தம் கருத்தை வெளியிட்டார். சிறுவயதிற் கொப்பளிப்பானாக வந்த வைரசு நரம்புத்திரட்டில் உறங்குகின்றது. முதுமையாலோ பிற காரணத்தாலோ நிர்ப்பீடனம் தளரும்போது அது விழித்து, அந்நரம்பின் வழியே தோலுக்கு வந்து அக்கியாகின்றது. பெரிய ஆய்வுகூடமின்றி, பொறுமையான குறிப்பேடு ஒன்றினாலே பெறப்பட்ட இம்முடிபு, காலத்தைத் தொடர்ந்து நோக்குதலின் பெருமைக்குச் சான்றாகும்.

உதட்டுக் கொப்புளத்தின் காரணம் வேறொரு வைரசு. அதன் நீரை முயலின் விழியின் முன்படலத்தில் ஏற்றி நோயை உண்டாக்கலாம் என்பதை ஜேர்மனியின் குறூற்றர், லோவன்ஸ்ரைன் முதலியோர் இருபதாம் நூற்றாண்டின் முதற் கால்பகுதியிற் காட்டினர். ஒருமுறை தொற்றிய வைரசு வாழ்நாள் முழுவதும் உடலில் உறைந்திருந்து, காய்ச்சல், வெயில், மனவழுத்தம் போன்றவற்றாற் கிளர்ந்தெழும் என்னுங் கருத்தை 1939 இல் அவுஸ்திரேலியரான பேர்னற் விளக்கினார். 1960 களில், ஜேர்மனியின் சினைவைசு, அமெரிக்காவின் நாமியாசு, டவுடில் ஆகியோரின் ஆய்வுகளால் எளிய ஹேர்ப்பிசு வைரசு இரு வகைப்படும் என்பது நிலைநாட்டப்பட்டது. முதலாம் வகை பெரும்பாலும் வாயையும், இரண்டாம் வகை பெரும்பாலும் மறைவிடத்தையும் சாரும். எனினும் இடத்தைக் கொண்டு வகையைத் துணிதல் தவறு. முதலாம் வகை மறைவிடத்திலும் தோன்றும். கண்ணுக்கு அவை வேறுபடா.

7. இன்று இனங்காணும் முறை

மேற்கூறிய வரலாற்றுப் படிகள் யாவும் இன்றைய நோயறிதலில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பயன்படுகின்றன. உதட்டுக் கொப்புளம் முன்னறிவிப்பான குறுகுறுப்போடு தொடங்கி, கொத்தாகி, பொருக்காகி, ஏழு முதல் பத்து நாளிற் பெரும்பாலும் தழும்பின்றி ஆறும்; மீண்டும் ஏறத்தாழ அதே இடத்தில் வரும். பற்றீரியாவால் வரும் சிறுவர் சிரங்கோ தேன் நிறப் பொருக்கோடு அடுத்தடுத்த இடங்களுக்குப் பரவும். வாயினுள்ளே கன்னத்தின் உட்புறத்திலும் நாவின் கீழும் தோன்றும் சாதாரண வாய்ப்புண் கொப்புளமாகத் தொடங்குவதில்லை. அது ஹேர்ப்பிசும் அன்று. ஒவ்வாமைத் தோலழற்சியில் வலியினும் அரிப்பே மிகும். அது பட்ட பொருளின் எல்லையைப் பின்பற்றுமேயன்றி நரம்பின் எல்லையைப் பின்பற்றாது. வெப்ப நாடுகளில், சிறப்பாக வயல் சார்ந்த ஊர்களில், இரவு விளக்கை நாடிவரும் பேடறசு என்னும் சிறு வண்டு தோலில் நசுங்குவதால் எரிவுடன் கூடிய நீண்ட கோடு போன்ற கொப்புளங்கள் எழும். இதனை அக்கி என்று மயங்குவோர் பலர். நடுக்கோட்டைக் கடந்து செல்லுதலும், கைமடிப்பில் ஒன்றோடொன்று தொடும் இரு பக்கமும் ஒரே வடிவிற் புண்படுதலும் வண்டின் குறிகள்.

கண் ஐயுறுமிடத்து ஆய்வுகூடம் உதவும். 1947 இல் பாரிசைச் சேர்ந்த ஆர்னோ சாங் விவரித்த முறையில், கொப்புளத்தின் அடியைச் சுரண்டிச் சாயமிட்டு நுணுக்குக்காட்டியில் நோக்கினால், பல கருக்களையுடைய பெருங்கலங்கள் தென்படும். இது ஹேர்ப்பிசுக் குடும்பத்தைக் காட்டும். அக்கியா எளிய ஹேர்ப்பிசா என்று கூறாது. அதனைக் கூறுவது வைரசின் மரபுப்பொருளை இனங்காணும் பி.சி.ஆர். சோதனையே.

பிரித்தறிதல் இன்று வெறும் அறிவு வேட்கைக்குரியதன்று. 1970 களில் உருவாக்கப்பட்ட அசைக்குளோவிர் என்னும் மருந்து 1980 களில் வழக்கிற்கு வந்தபின், காலம் என்பது சிகிச்சையின் ஒரு பகுதியாயிற்று. அக்கியிற் கொப்புளம் தோன்றி 72 மணித்தியாலத்துள் மருந்து தொடங்குதலே மிகுந்த பயன் தரும். தமிழ்நாட்டிற் குயவர் காவியைக் குழைத்து நோயுற்ற தோலின்மேல் உருவெழுதும் 'அக்கி எழுதுதல்' என்னும் வழக்கம் உண்டு. அக்கி பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு கிழமையிற் தானே ஆறுவதால், எழுதியவர்க்கும் எழுதுவித்தவர்க்கும் நம்பிக்கை வளர்வது இயல்பே. அதனை எள்ளி நகையாடுதல் நம் பணியன்று. ஆயின் அந்த 72 மணித்தியாலம் காவி உலர்வதிற் கழிந்தால், முதியவர்க்கு மாதக்கணக்கில் நீடிக்கும் நரம்புவலியும், முகத்து அக்கியாயிற் கண்ணின் இழப்பும் நேரக்கூடும் என்பதை எடுத்துரைத்தல் கற்றவர் கடன்.

மறைவிட ஹேர்ப்பிசைப் பொறுத்தவரை மற்றொன்றும் கூறவேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் 2016 ஆம் ஆண்டுக்குரிய மதிப்பீட்டின்படி, 15 முதல் 49 வயதுக்குட்பட்டோரில் ஏறத்தாழ 49 கோடிப் பேர் இரண்டாம் வகை வைரசை உடையோர். அவருட் பெரும்பாலோர் குறி எதனையும் உணர்வதில்லை. குறியில்லாத காலத்திலும் வைரசு பரவுதல் உண்டு; தொற்றிப் பல ஆண்டுகள் கழிந்தபின்னரே முதற் கொப்புளம் தென்படுதலும் உண்டு. எனவே புதிதாக எழுந்த புண், புதிதாக நேர்ந்த ஒழுக்கக்கேட்டின் சான்று ஆகாது. இவ்வொரு செய்தியை அறியாமையால் இல்லறங்கள் குலைதலும், நோயாளர் வைத்தியரிடம் செல்ல நாணி ஒளித்தலும் நேர்கின்றன. இரசத்தின் காலம் போய்விட்டது. பழியின் காலம் இன்னும் போகவில்லை.

முடிவுரை

1980 இல் பெரியம்மை உலகிலிருந்து ஒழிக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டபோது, ஹெபடனின் பிரிப்பு இனி வரலாற்றுக்கே உரியது என்று எண்ணத் தோன்றியது. 2022 இல், பெரியம்மை வைரசின் உறவாகிய குரங்கம்மை பல நாடுகளிற் பரவியது. மறைவிடத்தில் ஒரு சில கொப்புளங்களாக மட்டும் அது தோன்றியபோது, ஹேர்ப்பிசு என்றும் சிபிலிசு என்றும் கொப்பளிப்பான் என்றும் வைத்தியர் மயங்க நேர்ந்தது. பரம்பலை நோக்குக, காலவரிசையை வினவுக, ஐயமாயின் சோதனை செய்க என்னும் பழைய பாடமே மீண்டும் கைகொடுத்தது.

ஊர்வது என்றும் எரிவது என்றும் முன்னோர் இட்ட பெயர்கள் தவறானவையல்ல; அவை நோக்கலின் தொடக்கம். பெயரே அறிவு என்று கொண்டு அங்கேயே நின்றதுதான் தவறு. கண்ணைக் காலம் திருத்தியது. காலத்தை உடற்கூறு விளக்கியது. உடற்கூற்றுக்கு நுணுக்குக்காட்டியும் வைரசியலும் துணை நின்றன. ஒவ்வொரு திருத்தத்துக்கும் முன்னே, தவறான பெயரைச் சுமந்த நோயாளர் எண்ணற்றோர் இருந்தனர். ஒரு கொப்புளத்துக்கு உரிய பெயரைக் கண்டு வழங்குதல் அவர்க்கு மருந்தும் ஆகும்; பல வேளைகளில் அவர்தம் மானத்தை மீட்டுக்கொடுத்தலும் ஆகும்.